துணிந்த மீன், கூச்ச மீன்: தனி விலங்கின் குணம் கூட்டத்தின் எண்ணிக்கையை மாற்றுமா?

செந்நாரை, 6 ஜனவரி 2024

இரைகொல்லி–இரை எண்ணிக்கை பற்றி எந்தப் பாடத்தைத் திறந்தாலும் அதற்குச் சமன்பாடு எழுதிய லோட்காவும் வோல்டெராவும்தான் முதலில் வருகிறார்கள். அவர்கள் சமன்பாட்டில் எல்லா முயலும் ஒரே முயல், எல்லா நரியும் ஒரே நரி. இப்போது "விலங்கு ஆளுமை" என்று ஒரு துறையே கிளம்பி, ஒவ்வொரு விலங்குக்கும் தனிக் குணம் உண்டு என்கிறது. இருக்கட்டும். அதனால் எண்ணிக்கை மாறுமா என்பதுதான் என் கேள்வி. காட்டில் ஆயிரம் எலி இருந்தால் துணிந்ததும் கூச்சமுள்ளதும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். சராசரி எலியை வைத்துக் கணக்குப் போட்டால் போதும் என்பது என் வாதம். மறுப்பவர்கள் எண்ணைக் காட்டி மறுக்கவும்.

ஓடைக்கரை, 6 ஜனவரி 2024

ஈடுகட்டாது. விலங்கைப் பார்ப்பதற்கு முன்பே, கணக்கிலேயே அது தெரிந்துவிடும்.

ஓர் இரைகொல்லி ஒரு நாளில் எத்தனை இரை தின்னும் என்பதற்குச் சூழலியலாளர் ஹோலிங் 1959இல் தந்த சூத்திரத்தை எடுங்கள். தாக்கு வீதத்தை இரை எண்ணிக்கையால் பெருக்கி மேலே வைக்க வேண்டும். தாக்கு வீதம், கையாளும் நேரம், இரை எண்ணிக்கை மூன்றையும் பெருக்கி 1 கூட்டி, அதனால் வகுக்க வேண்டும். தாக்கு வீதம் என்பது இரைகொல்லி இரையைத் தேடித் தாக்கும் வேகம். கையாளும் நேரம் என்பது பிடித்த இரையை அடக்கி, தின்று, அடுத்த தேடலுக்குக் கிளம்பும் வரை ஆகும் பொழுது.

தாக்கு வீதம் 0.2, கையாளும் நேரம் 0.1 நாள், இரை 50 என்று வையுங்கள். 10 ÷ 2 = 5. சராசரி இரைகொல்லி நாளுக்கு 5 தின்னும்.

இப்போது இரண்டு இரைகொல்லிகள். ஒன்று சுறுசுறுப்பு, தாக்கு வீதம் 0.38. மற்றது மந்தம், 0.02. சராசரி அதே 0.2தான். முதலாவது 19 ÷ 2.9, அதாவது 6.55 தின்னும். இரண்டாவது 1 ÷ 1.1, அதாவது 0.91. இரண்டின் சராசரி 3.73. உங்கள் "சராசரி விலங்கு" கணக்கு 5 என்று சொன்னது. நாலில் ஒரு பங்கு பிசகு!

வளைகோடு மேலே போகப் போகத் தட்டையாகிறது. சுறுசுறுப்பானது கூடுதலாகத் தின்னும் அளவு, மந்தமானது விட்டுவைக்கும் அளவை எட்டவே எட்டாது. ஆயிரம் விலங்கைச் சேர்த்தாலும் இந்தப் பிசகு கரையாது. யென்சன் சமனிலி என்று கணக்கில் படித்தது இதுதான்.

ஓடைக்கரை, 7 ஜனவரி 2024

நேற்றையதைப் படிப்பவர் "அப்படியானால் வேறுபாடு இருந்தால் இரைக்கு நல்லது" என்று முடிவுகட்டிவிடக் கூடாது. எந்தக் குணம் வேறுபடுகிறது என்பதைப் பொறுத்தது அது.

தாக்கு வீதத்தை 0.2 என்று நிறுத்திவிட்டு, கையாளும் நேரத்தை மட்டும் 0.02, 0.18 என்று பிரியுங்கள். ஒன்று 8.33 தின்னும், மற்றது 3.57. சராசரி 5.95. இப்போது வேறுபாடு இரையைக் கூடுதலாகக் கொல்கிறது.

இரண்டும் சேர்ந்தே வேறுபட்டால் இன்னும் பெரிய இடைவெளி. வேகமாகத் தாக்குவதே வேகமாகக் கையாளவும் செய்தால் (0.38, 0.02) அது 13.77 தின்னும், அதன் மந்தத் துணை 0.85. சராசரி 7.31. மாறாக, வேகமாகத் தாக்குவது நிதானமாகத் தின்பதாகவும் மந்தமானது சட்டென்று முடிப்பதாகவும் இருந்தால் 4.30, 0.98, சராசரி 2.64. நான்கு கணக்கிலும் சராசரிக் குணம் ஒன்றே. 2.64க்கும் 7.31க்கும் இடையில் இரையின் கதி எங்கே விழும் என்பதை முடிவு செய்வது, குணங்கள் ஒன்றோடொன்று எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பது. ஆகவே தாக்கு வீதத்தை ஒரு குழுவிடமும் கையாளும் நேரத்தை வேறொரு குழுவிடமும் அளந்து சராசரி எடுத்த ஆய்வால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. ஒரே விலங்கில் இரண்டையும் அளக்க வேண்டும்.

கல்குருவி, 7 ஜனவரி 2024

செந்நாரை "ஆயிரம் எலி" என்றார். பாதுகாப்புக் களத்தில் ஆயிரம் என்ற எண்ணே கிடைப்பதில்லை. இரைகொல்லி பக்கம் ஐந்து, பத்து, சில சமயம் ஒன்றே ஒன்று.

நியூசிலாந்தின் வடக்குப் பகுதியில் வைடாங்கி காடு. 1987இல் அங்கே கிவிப் பறவைகள் சுமார் 900 என்று மதிப்பீடு. ஆய்வுக்காக 24 பறவைகளுக்கு ரேடியோ கருவி கட்டியிருந்தார்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் சில வாரங்களுக்குள் அந்த 24இல் 13 செத்தன. அத்தனையும் ஒரே ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட் பெட்டை நாயின் வேலை. செப்டம்பர் 30இல் அதைச் சுட்ட பிறகு சாவு நின்றது. கருவி கட்டிய பறவைகளின் விகிதத்தை வைத்துக் கணக்கிட்டால், காடு முழுவதிலும் 500 வரை போயிருக்கலாம் என்று டபோர்ஸ்கி 1988இல் எழுதினார். கருவி கட்டாமல் இருந்திருந்தால் "கிவி குறைகிறது, காரணம் புலப்படவில்லை" என்று ஓர் அறிக்கை வந்திருக்கும், அவ்வளவுதான்.

கிவிக்குப் பறக்கும் தசையும் இல்லை, அதைத் தாங்கும் நெஞ்செலும்பு முகடும் இல்லை. நாய் லேசாகக் கவ்வினாலே நெஞ்சுக்கூடு நொறுங்கும். மணமும் தூக்கல். அந்தப் பகுதியில் மற்ற நாய்களும்தான் இருந்தன. இந்த ஒன்று கற்றுக்கொண்டுவிட்டது.

அடுத்தது கனடாவின் அல்பர்டா, ஷீப் ரிவர் பக்கம். பிக்ஹார்ன் காட்டாடுகளையும் பூமா என்ற பெரிய காட்டுப்பூனைகளையும் பல குளிர்காலம் தொடர்ந்து பார்த்தார்கள். பெரும்பாலான பூமாக்கள் ஆட்டை அநேகமாகத் தொடவே இல்லை, மான்தான் இரை. ஒரே ஒரு பெண் பூமா ஒரே குளிர்காலத்தில் மந்தையில் ஏறத்தாழ 9 சதவீதத்தையும், குட்டிகளில் ஏறத்தாழ 26 சதவீதத்தையும் முடித்தது. "பூமா ஒன்றுக்கு இத்தனை ஆடு" என்று சராசரி போட்டால் யாரைப் பற்றியும் உண்மையாக இல்லாத ஓர் எண்தான் வரும்.

செந்நாரை, 8 ஜனவரி 2024

யென்சன் கணக்கை ஏற்கிறேன். கிவி, பூமா இரண்டும் சிறு கூட்டங்கள். பெரிய கூட்டத்தில் ஒருசில விலங்கு மொத்த எண்ணிக்கையைப் புரட்டிய சான்று உண்டா? ஸ்டீவன்ஸ் தீவில் கலங்கரை விளக்கக் காவலரின் பூனை ஒன்றே ஒரு பறவை இனத்தை அழித்தது என்பார்களே, அந்த அளவுக்குக் கதையாக இல்லாமல்.

தவிட்டுக்குருவி, 8 ஜனவரி 2024

அந்தப் பூனைக் கதையை இங்கேயே சரிசெய்துவிடுவோம், ஏனென்றால் "ஒரே விலங்கு" என்று பேசும்போதெல்லாம் அது வந்துவிடுகிறது. நியூசிலாந்தின் ஸ்டீவன்ஸ் தீவு, 1894. பறக்க முடியாத லையல் ரென் என்ற சிறு பறவை. காவலரின் பூனை டிபிள்ஸ் அத்தனையையும் பிடித்துத் தீர்த்தது என்பது பரவிய வடிவம். கால்பிரெத், பிரவுன் இருவரும் பழைய கடிதங்களையும் பதிவுகளையும் துருவி 2004இல் எழுதிய கட்டுரை அதைக் கலைத்தது. தீவில் பூனைகள் பெருகியிருந்தன, ஒன்றல்ல. வைடாங்கி நாய்க்கும் டிபிள்ஸுக்கும் உள்ள வேறுபாடு சான்றின் தரம். அங்கே கருவி கட்டிய பறவை, கிடைத்த உடல்கள், நாய் போனதும் நின்ற சாவு. இங்கே ஒரு நல்ல கதை.

பெரிய கூட்டத்துக்குச் சான்று அலாஸ்காவின் அலூஷியன் தீவுகளின் கடல் நீர்நாய். 1990களில் ஆண்டுக்குச் சுமார் 25 சதவீதம் சரிந்தது. எஸ்டெஸ் குழு 1998இல் கணக்குப் போட்டது. ஆறு ஆண்டில் கூடுதலாகச் செத்தவை சுமார் 40,000. ஓர் ஓர்க்கா (கொல்லித் திமிங்கிலம்) நீர்நாயை மட்டுமே தின்று வாழ்ந்தால் ஆற்றல் தேவைப்படி ஆண்டுக்கு 1,825 வேண்டும், அதாவது நாளுக்கு ஐந்து. 40,000ஐ ஆறால் வகுத்து, அதை 1,825ஆல் வகுத்தால் 3.7 வரும். நாலே நாலு ஓர்க்கா உணவை மாற்றிக்கொண்டால் அந்தச் சரிவுக்குப் போதும்! நாலுதான் செய்தன என்று கட்டுரை சொல்லவில்லை, நாலு போதும் என்கிறது. ஓர்க்காதான் காரணமா என்பதற்கு அவர்கள் காட்டிய சான்று அடாக் தீவில் இருக்கிறது. ஓர்க்கா நுழைய முடியாத கிளாம் காயலில் நீர்நாய் எண்ணிக்கை நிலையாக நின்றது. திறந்த குலுக் விரிகுடாவில் விழுந்தது. நீர்நாய் போனதும் அதன் இரையான கடல் முள்ளெலியின் உயிர்ப்பொருள் எட்டு மடங்கானது, முள்ளெலி மேயும் கெல்ப் பாசிக்காட்டின் அடர்த்தி பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருங்கியது.

ஓடைக்கரை, 11 ஜனவரி 2024

இரை பக்கம் யாரும் இன்னும் வரவில்லை. கப்பி மீனில் தொடங்கலாம், இந்தத் துறையில் மிக அதிகம் மேற்கோள் காட்டப்படும், மிக அதிகம் அளவுக்கு மீறி நீட்டப்படும் ஆய்வு அதுதான்.

கப்பிகள் இரைகொல்லி மீனைக் கண்டால் சில ஓடும், சில கூட்டத்தை விட்டுப் பிரிந்து அதன் அருகே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பும். டுகட்கின் 1992இல் இந்த "போய்ப் பார்க்கும்" பழக்கத்தை வைத்துக் கப்பிகளைத் துணிந்தவை, நடுத்தரம், கூச்சமுள்ளவை என்று பிரித்து ஸ்மால்மவுத் பாஸ் மீனோடு தொட்டியில் விட்டார். 60 மணி நேரம் கழித்துக் கூச்சக் கப்பிகளில் 40 சதவீதம் உயிரோடு. நடுத்தரத்தில் 15. துணிந்ததில் ஒன்றும் இல்லை.

இத்தோடு நிறுத்தினால் "துணிச்சல் கொல்லும்" என்றாகிவிடும். 1995இல் கோடினும் டேவிஸும் எதிர்த்திசையில் ஒன்றைக் காட்டினார்கள்: அருகே வந்து பார்க்கும் கப்பியை அக்காரா சிக்லிட் துரத்துவது குறைவு. "உன்னைப் பார்த்துவிட்டேன்" என்ற சேதி போய்ச் சேர்ந்தால் இரைகொல்லி சக்தியை வீணாக்குவதில்லை. 2010இல் ஸ்மித், புளூம்ஸ்டைன் டிரினிடாட் கப்பிகளில் அளந்தபோது துணிந்து தேடித்திரிபவை கூடுதல் காலம் தாக்குப்பிடித்தன.

முரண்பாடு என்று தள்ளாமல் சூழலைப் பாருங்கள். ஸ்மால்மவுத் பாஸ் வட அமெரிக்க மீன், டிரினிடாட் ஓடைகளில் அது இல்லை. கப்பியின் "பார்த்துவிட்டேன்" சைகை வேலை செய்வது அதோடு கூடவே பரிணமித்த இரைகொல்லியிடம். தொட்டியில் ஓடி ஒளிய இடமும் இல்லை, 60 மணி நேரம் வேறு இரையும் இல்லை. அந்தச் சோதனை சொல்வது இதுவே: தப்பிக்க வழியில்லாத இடத்தில், அறிமுகமில்லாத இரைகொல்லி முன்னால், அருகே போகும் பழக்கம் சாவு. ஆற்றில் எது பிழைக்கும் என்பதற்கு ஆற்றில்தான் பார்க்க வேண்டும்.

தவிட்டுக்குருவி, 11 ஜனவரி 2024

பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும் தொகுப்பாய்வுகளும் அதே வழியில் நகர்ந்திருக்கின்றன. ஸ்மித், புளூம்ஸ்டைன் 2008 தொகுப்பில் துணிந்தவற்றுக்கு இனப்பெருக்கம் கூடுதல், ஆயுள் குறைவு. மொய்ரோன், லாஸ்கோவ்ஸ்கி, நீமெலா 2020 தொகுப்பில், காட்டில் வாழும் விலங்குகளில் ஆபத்தை ஏற்பவைதான் நீண்ட காலம் வாழ்ந்தன; ஆய்வகத்தில் அந்தத் தொடர்பு இல்லை. வலுவான, நன்றாகத் தின்ற விலங்குதான் காட்டில் துணிய முடியும் என்பது ஒரு விளக்கம். அது சரியானால் துணிச்சல் உடல்நிலையின் அடையாளமே தவிர, சாவுக்கோ வாழ்வுக்கோ காரணம் அல்ல.

கல்குருவி, 12 ஜனவரி 2024

ராம் மவுன்டன் ஆடுகளை விட்டுவிட்டீர்கள். அதுவும் அல்பர்டாதான், அதே பிக்ஹார்ன் இனம். அங்கே உப்பு வைத்த பட்டியில் எத்தனை முறை ஒரு பெண் ஆடு மாட்டுகிறது என்பது துணிச்சலின் அளவு. பிடித்துக் கையாளும்போது எவ்வளவு திமிறுகிறது என்பது சாதுத்தனத்தின் அளவு. பூமா தாக்காத ஆண்டுகளில் இவற்றுக்கும் பிழைப்புக்கும் தொடர்பு காணோம். பூமா தாக்கிய ஆண்டுகளில் துணிந்த, திமிறும் ஆடுகளே அதிகம் பிழைத்தன. ரெயால், ஃபெஸ்டா-பியாங்கே, 2003.

மேலே நான் சொன்ன பூமாவோடு சேர்த்து யோசித்தால் பெரிய விஷயம் இது. ஆட்டு வேட்டையில் தேர்ந்த ஒரு பூமா சில ஆண்டு வந்து போகிறது. அது விட்டுச்செல்லும் மந்தை எண்ணிக்கையில் சிறியது, குணத்திலும் வேறு. அடுத்த பூமா சந்திப்பது அந்த மந்தையை.

செந்நாரை, 13 ஜனவரி 2024

என் முதல் வாதத்தில் "ஈடுகட்டும்" என்ற பகுதி நிற்கவில்லை, ஒப்புகிறேன். அளவீடு பற்றிக் கேட்கிறேன். நாம் நெருங்கியபோது ஒரு பறவை இன்று 20 மீட்டரில் பறந்தது, நாளை 35 மீட்டரில். எது அதன் குணம்? அன்றைய பசியைக் குணம் என்று எழுதிவிட மாட்டோமா?

தவிட்டுக்குருவி, 14 ஜனவரி 2024

எழுதிவிடுவோம், ஒரே முறை அளந்தால். பெல், ஹேங்கிசன், லாஸ்கோவ்ஸ்கி 2009இல் 759 மதிப்பீடுகளைத் திரட்டினார்கள். நடத்தையின் மீள்தன்மை சராசரியாக 0.37. மொத்த வேறுபாட்டில் 37 சதவீதம்தான் விலங்குக்கும் விலங்குக்கும் இடையிலானது. மீதி, அதே விலங்குக்குள் நாளுக்கு நாள் வரும் ஏற்ற இறக்கமும் நம் அளவுப் பிழையும்.

எத்தனை முறை அளந்தால் நம்பலாம்? முறை எண்ணிக்கையை மீள்தன்மையால் பெருக்கு. "1 + (முறை − 1) × மீள்தன்மை" என்பதால் வகு. 0.37க்கு இரண்டு முறை அளந்த சராசரியின் நம்பகம் 0.54. நாலு முறை 0.70. ஆறு முறை 0.78. நாலுக்குக் கீழே நான் தனி விலங்கைப் பெயர் சொல்லிப் பிரிக்க மாட்டேன். கூட்ட அளவிலான கேள்விக்கு இரண்டே முறை அளந்த நிறைய விலங்குகள் போதும். விலங்கின் அடையாளத்தைச் சமவாய்ப்பு விளைவாக வைத்த கலப்பு மாதிரி (விலங்குகளுக்கு இடையிலான வேறுபாட்டையும் ஒரே விலங்குக்குள் உள்ளதையும் தனித்தனியே மதிப்பிடும் புள்ளியியல் கணக்கு) அதைப் பிரித்தெடுக்கும். ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு மதிப்பெண்ணை முதலில் எடுத்து, அதை இரண்டாவது மாதிரியில் நிச்சயமான எண்போலப் போடுவது நிறையப் பேர் செய்யும் தவறு. முதல் படியின் பிழை இரண்டாம் படியில் காணாமல் போய், இல்லாத தொடர்பு இருப்பதாகத் தெரியும். நடத்தையையும் பிழைப்பையும் ஒரே மாதிரியில் சேர்த்துப் போடுங்கள்.

கல்குருவி, 14 ஜனவரி 2024

கள வழி. தப்பியோடும் தூரம், அதாவது நாம் எவ்வளவு நெருங்கியதும் விலங்கு ஓடுகிறது என்பது, அளப்பது எளிது, கெடுப்பதும் எளிது.

விலங்குக்குத் தனி அடையாளம் வேண்டும்: கால் வளையம், காதுப் பட்டை, வரி, வடு எதுவானாலும். அடையாளம் இல்லாமல் "ஒரே இடத்தில் இருந்தது, ஒரே விலங்குதான்" என்று எழுதினால் மொத்தமும் வீண். நேராக, நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் நட. தொடங்கிய இடத்தில் ஒரு குறி, தலை தூக்கிப் பார்த்தபோது நின்ற இடத்தில் ஒரு குறி, ஓடியபோது ஒரு குறி. குறியைப் போட்டுவிட்டு நடையை நிறுத்தாதே, நின்றால் அதுவும் ஒரு சேதி. பிறகு நாடாவால் அள.

தொடக்கத் தூரத்தைக் கட்டாயம் பதிவு செய். தொலைவிலிருந்து தொடங்கினால் ஓடும் தூரமும் கூடும், இது ஏறக்குறைய எல்லா இனத்திலும் வருகிறது. அதைப் பதியாமல் இரண்டு விலங்கை ஒப்பிட்டால் நீ ஒப்பிடுவது உன் இரண்டு நடைகளை. ஒரே நாளில் ஒரே விலங்கை மீண்டும் அணுகாதே. அதே ஆள், அதே நிற உடுப்பு. குட்டி உடன் இருந்ததா, ஒளிய மறைவு எத்தனை மீட்டரில், கூட்டத்தில் எத்தனை பேர் என்பதையும் எழுது. முதல் அளவுக்கும் கடைசி அளவுக்கும் இடையே விலங்கு பழகிப்போவது உண்டு, அதனால் எத்தனையாவது முறை என்பதும் மாதிரியில் போக வேண்டும்.

தவிட்டுக்குருவி, 16 ஜனவரி 2024

இதில் பலர் கவனிக்காத பள்ளம் ஒன்று. எண்ணிக்கையை எப்படி எண்ணுகிறோம்? பிடித்து, குறியிட்டு, விட்டு, மீண்டும் பிடித்து. துணிந்தது கூண்டில் ஏறும், கூச்சமுள்ளது ஏறாது. குணம் எண்ணிக்கையை மாற்றுவதற்கு முன்பே நம் கணக்கை மாற்றிவிடுகிறது.

உண்மையில் 100 எலி. 50 துணிந்தவை, கூண்டில் ஏறும் வாய்ப்பு 0.6. 50 கூச்சமுள்ளவை, வாய்ப்பு 0.1. முதல் நாள் 30 + 5 = 35 கிடைக்கும். இரண்டாம் நாளும் 35. இரண்டு நாளும் கிடைத்தவை 18 + 0.5 = 18.5. முதல் நாள் பிடித்ததை இரண்டாம் நாள் பிடித்ததால் பெருக்கி, இரண்டு நாளும் கிடைத்ததால் வகுப்பதுதான் வழக்கமான மதிப்பீடு: 35 × 35 ÷ 18.5 = 66. நூறு எலி அறுபத்தாறாகிவிட்டது.

இப்போது ஓர் ஆந்தை வந்து 25ஐத் தின்கிறது. துணிந்தவற்றையே தின்றால் அதே கணக்கு 42 காட்டும், 36 சதவீத வீழ்ச்சி. கூச்சமுள்ளவற்றையே தின்றால் 58, 12 சதவீத வீழ்ச்சிதான். உண்மை வீழ்ச்சி இரண்டிலும் 25. இரைகொல்லியின் தாக்கத்தை இந்த எண்ணை வைத்து அளந்தவர் முதல் இடத்தில் "பேரழிவு" என்றும் இரண்டாம் இடத்தில் "பொருட்படுத்த வேண்டாம்" என்றும் எழுதுவார். பிடிபடும் வாய்ப்பு விலங்குக்கு விலங்கு மாறலாம் என்று அனுமதிக்கும் மாதிரி வேண்டும், இரண்டு நாளுக்குப் பதில் ஐந்தாறு நாள் கூண்டும் வேண்டும். கூண்டோடு கேமராவும் வைத்தால், கூண்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகும் எலிகள் தெரியவரும்.

ஓடைக்கரை, 16 ஜனவரி 2024

கூண்டும் ஓர் இரைகொல்லிதான். வலையும் துப்பாக்கியும் அப்படியே.

பைரோவும் போஸ்டும் கனடாவில் சிறு ஏரிகளில் ரெயின்போ டிரவுட் மீனில் வேகமாக வளரும் வகையையும் மெதுவாக வளரும் வகையையும் கலந்துவிட்டு செவுள் வலை போட்டார்கள். வேகமாக வளர்பவை துணிந்து மேய்பவை. அவற்றில் 50 சதவீதம் வலையில், மெதுவானவற்றில் 30. உடல் அளவைக் கணக்கில் எடுத்த பிறகும் இதே வேறுபாடு. வலைக்கண் அளவை மாற்றினால் போதும் என்று நம்பும் மீன்வள நிர்வாகம் இதைப் படிக்க வேண்டும், ஏனென்றால் இங்கே மீனைப் பிரித்தது அதன் நடமாட்டம். அதிகம் திரிவது அதிகம் வலையைச் சந்திக்கிறது.

அல்பர்டாவில் எல்க் மானில் சியூடி குழு 2012இல் காட்டியதும் அதுவே. வேட்டைக்காரர் சுட்டவை அதிகம் நடமாடியவை. தப்பியவை நடமாட்டத்தைக் குறைத்து, திறந்த வெளியைத் தவிர்த்தவை. ஒன்பது வயது தாண்டிய பெண் எல்க் சுடப்படுவது மிக அரிது. ஆனால் அது பிறவிக் கூச்சம் மட்டுமல்ல என்று 2017 தொடர்ச்சி சொன்னது. அதே பெண் மான்கள் வயது ஏற ஏற மறைவான இடத்தையும் குறைந்த நடமாட்டத்தையும் தேர்ந்தெடுக்கின்றன. பொறுக்கி எடுப்பதும் கற்பதும் சேர்ந்தே நடக்கின்றன.

செந்நாரை, 19 ஜனவரி 2024

கற்பது என்றதும் ஒரு கேள்வி. தப்பு செய்யும் விலங்கை நீக்கினால் சிக்கல் தீருமா? கூடலூர், மசினகுடி பக்கம் 2021இல் ஆட்களைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட டி23 என்ற புலியைத் தேடியபோது இதே விவாதம் ஓடியது.

கல்குருவி, 20 ஜனவரி 2024

டி23 விஷயத்தில் 21 நாள் தேடல் ஏன் ஆயிற்று என்றால், "ஏதோ ஒரு புலி" என்று பிடிக்காமல் அந்தப் புலியைத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. கேமராப் படத்தில் வரியைப் பார்த்து உறுதி செய்து, அக்டோபர் 15இல் உயிரோடு பிடித்தார்கள். முறை அதுதான். தவறான விலங்கைப் பிடித்தால் இரட்டை நட்டம். குற்றமற்றது போகிறது, பழகியது அங்கேயே இருக்கிறது.

கணக்கும் அதையே சொல்கிறது. 20 இரைகொல்லிகளில் ஒன்றுதான் அந்த இரையில் தேர்ந்தது என்றால், கண்ணை மூடி 5ஐ நீக்கினால் அது சிக்கும் வாய்ப்பு நாலில் ஒன்று. கூண்டுக்கு அஞ்சுவதாக இருந்தால் அதுகூட இல்லை.

இலக்கு வைத்து நீக்கி வென்ற இடம்: ஸ்பெயினில் பெனிடோர்ம் தீவு. புயற்பறவைகளைத் தின்னத் தேர்ந்த 16 மஞ்சட்கால் கடற்காகங்களை மட்டும் நீக்கினார்கள். கொல்லப்படுவது ஏறத்தாழ 65 சதவீதம் குறைந்தது. அந்தத் தீவில் கடற்காகங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு, மற்றவற்றைத் தொடவில்லை.

இன்னொன்று அமெரிக்காவின் ஆரிகனில் வில்லாமெட் அருவி. ஆண் கடற்சிங்கங்கள் சில பத்து, ஆண்டுதோறும் அதே விலங்குகள் ஆற்றில் ஏறி வந்து, அருவியடியில் மீன்கள் மேலேறக் கட்டிய படிவழியில் ஏறக் காத்திருக்கும் ஸ்டீல்ஹெட் மீனைத் தின்றன. 2017இல் அருவி தாண்டிய குளிர்கால ஸ்டீல்ஹெட் 512தான். அந்த ஆண்டு ஓட்டத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு கடற்சிங்க வயிற்றில். 2018–19 பருவத்தில் 33 கடற்சிங்கங்களை நீக்கிய பிறகு மீன் ஏறுவது கூடியது. கடலில் அந்த இனம் லட்சக்கணக்கில் இருக்கிறது. சிக்கல் இனத்தில் இல்லை, இந்த இடத்தைக் கண்டுகொண்ட சிலவற்றில்.

ஓடைக்கரை, 20 ஜனவரி 2024

கொலம்பியா ஆற்றின் பொன்னவில் அணையைச் சேர்க்காமல் இந்தப் பக்கத்தை முடிக்க முடியாது. அங்கேயும் கடற்சிங்கம், அங்கேயும் நீக்கம், ஆனால் புதியவை வந்துகொண்டே இருந்தன. ஷாக்னர் குழு 2016இல் தொற்றுநோய் மாதிரியை வைத்துப் பார்த்தது. எந்தக் கடற்சிங்கம் எதோடு கரையில் ஒன்றாகக் கிடந்தது என்ற பதிவிலிருந்து, "அணையில் மீன் கிடைக்கும்" என்ற அறிவு ஒன்றிலிருந்து மற்றதற்குப் பரவுகிறது என்று தெரிந்தது. ஆகவே நீக்கும் காலமும் முக்கியம். ஐந்து விலங்குக்குத் தெரிந்திருக்கும்போது ஐந்தை நீக்கினால் முடிந்தது. ஐம்பதுக்குத் தெரிந்த பிறகு ஐந்தை நீக்கினால் ஒன்றும் ஆகாது. விலங்கை நீக்கும் முன் அன்றைய சட்டம் கேட்ட சான்று சேர்வதற்குள் பரவல் முந்திக்கொண்டது.

கல்குருவி, 21 ஜனவரி 2024

நீக்குவது என்றால் வேறு காட்டில் விடுவது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மகாராஷ்டிரத்தின் ஜுன்னாரில் 2001 முதல் 2003 வரை சிறுத்தைகளைப் பிடித்து வேறு இடங்களில் விட்டார்கள். வித்யா ஆத்ரேயா குழு 2011இல் வெளியிட்ட கணக்குப்படி, மனிதர் மீதான தாக்குதல் ஆண்டுக்கு 4 ஆக இருந்தது 17 ஆயிற்று. பிடிபட்டவற்றில் பல எந்தத் தவறும் செய்யாத, கரும்புக்காட்டில் சும்மா வாழ்ந்த சிறுத்தைகள். இடம் தெரியாத இடத்தில் விட்டதும், பிடித்தபோது பட்ட மிரட்சியும் சேர்ந்து நடத்தையை மாற்றுகின்றன. குணம் விலங்கின் மேல் எழுதி ஒட்டிய சீட்டு அல்ல.

தவிட்டுக்குருவி, 24 ஜனவரி 2024

குணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் இன்னும் விசித்திரம். யெல்லோஸ்டோன் ஓநாய்களின் 26 ஆண்டு ரத்த மாதிரிகளை வைத்து 2022இல் வந்த ஆய்வு: டாக்சோபிளாஸ்மா ஒட்டுண்ணி தொற்றிய ஓநாய் கூட்டத் தலைமைக்கு வரும் வாய்ப்பு 46 மடங்கு, பிரிந்து போகும் வாய்ப்பு 11 மடங்கு. பூமாக்கள் நெருக்கமாக வாழும் பகுதியில்தான் தொற்று அதிகம், ஒட்டுண்ணி பெருகுவது பூனைக் குடும்பத்தின் குடலில். தலைவன் எங்கே போகிறதோ கூட்டமும் அங்கே போகும். ஒரு விலங்கின் துணிச்சல் இப்படி மொத்தக் கூட்டத்தையும் பூமாவின் எல்லைக்குள் இழுத்துப்போனால், மற்றவற்றுக்கும் தொற்று சேரும். ஆய்வாளர்கள் இந்தச் சுழற்சியைக் கருதுகோளாகத்தான் வைக்கிறார்கள், ஆனால் சோதிக்கக்கூடிய கருதுகோள்.

இன்னொன்று, புதிதாகப் படிக்க வருபவர்களுக்காக. 2020 ஜனவரி முதல் இந்தத் துறையில், குறிப்பாகச் சமூகச் சிலந்திகளின் ஆளுமை பற்றி வந்த பல கட்டுரைகள், தரவில் ஒரே எண்கள் விளக்கமில்லாமல் திரும்பத் திரும்ப வந்திருந்ததால் திரும்பப் பெறப்பட்டன. அவற்றை மேற்கோள் காட்டிய மதிப்புரைகள் இன்னும் சுற்றுகின்றன. இரைகொல்லியின் குணமும் இரையின் குணமும் சந்திக்கும்போது என்ன ஆகும் என்ற கேள்வியை அது நேரடியாகத் தொடுகிறது. எந்தக் கட்டுரையை எடுத்தாலும் இதழின் பக்கத்தில் இன்றைய நிலையைப் பாருங்கள், மூலத் தரவு வெளியில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

செந்நாரை, 27 ஜனவரி 2024

கடைசிக் கேள்வி, நடைமுறைக்கு. வளர்த்த விலங்கைக் காட்டில் விடும்போது கூச்சமுள்ளவற்றை மட்டும் பொறுக்கி விடலாமா?

கல்குருவி, 28 ஜனவரி 2024

ஸ்விஃப்ட் நரியில் அதைப் பார்த்தார்கள். பிரெம்னர்-ஹாரிசன் குழு, 2004. விடுவதற்கு முன்பே துணிச்சலை மதிப்பெண் போட்டு வைத்திருந்தார்கள். விட்ட ஆறு மாதத்துக்குள் செத்தவை, கூண்டில் துணிந்தவை என்று மதிப்பெண் வாங்கியவை. ஆகவே மிகத் துணிந்தவற்றை முதல் தொகுதியில் விடாமல் தள்ளிவைப்பதில் தவறில்லை. எல்லாவற்றையும் கூச்சமாகவே பொறுக்குவதை நான் ஏற்க மாட்டேன். ராம் மவுன்டனில் எது பிழைத்தது என்று மேலே இருக்கிறது. எந்த ஆண்டு எந்த இரைகொல்லி வரும் என்று முன்கூட்டித் தெரியாத இடத்தில் கலவைதான் காப்பு.

பொறுக்குவதைவிடப் பழக்குவது நல்ல வழி. தென் ஆஸ்திரேலியாவில் ராக்ஸ்பி டவுன்ஸ் அருகே அரிட் ரிக்கவரி வேலிக்காட்டில், ஒரு பகுதிக்குள் சில பூனைகளை மட்டும் விட்டு, பில்பிகளை (பில்பி ஒரு சிறு பைவிலங்கு) இரண்டு ஆண்டு அவற்றோடு வாழவிட்டார்கள். பிறகு பூனை உள்ள வேறு பகுதிக்கு மாற்றியபோது, பூனையைப் பார்த்தே வளராத பில்பிகளைவிட இவை கூடுதலாகப் பிழைத்தன. பூனை எண்ணிக்கையைக் கூடவிடாமல் வைத்திருப்பதுதான் இதில் கடினம். ஒன்றிரண்டு கூடினால் பயிற்சி படுகொலையாகிவிடும். அதுவும் பூனைகளில் பெரிய ஆண் ஒன்று இந்த இரையில் தேர்ந்துவிட்டால், எண்ணிக்கை குறைவாக இருந்தும் காப்பாற்ற முடியாது. மோஸ்பி, பீகாக், ரீட் மூவரும் 2015இல் "இரைகொல்லியை ஆளடையாளம் காண்க" என்று எழுதியதன் பின்னணி இது.

செய்யும் விதம்: கருவி கட்டிய விலங்குகளை நாள்தோறும் சரிபார்க்க வேண்டும். சாவு நேர்ந்தால் அன்றே உடலை எடுத்து, கடிபட்ட இடங்களில் ஈரப்படுத்திய பஞ்சுக்குச்சியால் எச்சிலைத் துடைத்து உலர்த்தி, காகித உறையில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பை வேண்டாம், ஈரம் தங்கி மரபுப்பொருள் கெடும். மழைக்கு முன், காக்கையும் நரியும் வருவதற்கு முன் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தின்ன வந்ததன் எச்சில்தான் கிடைக்கும். இரண்டு மூன்று உடல்களில் ஒரே பூனையின் மரபு அடையாளம் வந்தால், பொதுப்பொறிகளைக் கூட்டுவதை நிறுத்திவிட்டு, அந்த ஒன்றுக்கு ஆள் அனுப்புங்கள். அதன் வழக்கப் பாதையைக் கேமராவில் பிடித்து, அங்கே வையுங்கள் பொறியை.

தவிட்டுக்குருவி, 28 ஜனவரி 2024

விடுவதற்கு முன் மதிப்பெண் போடும்போது நாலு முறை அளக்கவும். ஒரே முறை அளந்த மதிப்பெண்ணை வைத்து எந்த நரியை விடுவது, எதை நிறுத்துவது என்று முடிவெடுத்தால், மேலே போட்ட கணக்குப்படி பிரிப்பில் பெரும்பகுதி அன்றைய வானிலையும் பசியும்தான். நாலு அளவுக்கும் இடையே ஒரு வாரமாவது விடுங்கள். தீனி போட்டு எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.